ரூபன் எத்தனையாவது

"என்ர அண்ணன் ரெண்டாவதுதான்" என்று வின்சன் சொன்னபோது, வாய்க்குக் கொண்டுபோன பிளேன்ரீக் கோப்பையை யாகப்பு அந்தரத்தில் நிறுத்தினார். கைத்தொலைபேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்த அவருடைய மகள் கம்சா தலையை நிமிர்த்தினாள். கூடைப்பந்துக் கழகத்தின் செயலாளர் அனோஜன் மாஸ்டர் மட்டும் சிரித்தார். வின்சன் பகிடி விடுகிறான் என்று அவர் நினைத்துவிட்டார். நினைக்காமல் என்ன செய்வார்? ஒரு மனிதனின் சொந்த அண்ணனைக் கழகத்தின் எல்லாக் காலத்துக்கும் முதலாவது வீரன் என்று அவர் இப்போதுதான் அறிவித்திருந்தார். அதைக் கேட்டுத் தம்பிக்காரன் முகம் மலர்வான் என்று பார்த்துக்கொண்டும் இருந்தார். அவன் முகமோ வெயிலில் காயப்போட்ட மீன் மாதிரி இறுகிக்கிடந்தது.

முல்லைத்தீவுக் கடற்கரையில், தேவாலயத்துக்குப் பக்கத்து வளவில், புதிதாகக் கொன்கிறீற் போட்ட கூடைப்பந்துத் திடலின் ஓரத்தில் நான்கு பிளாஸ்ரிக் கதிரைகளைப் போட்டுக்கொண்டு அவர்கள் இருந்தார்கள். திடல், லண்டனில் இருக்கும் பழைய விளையாட்டுக்காரர் ஒருவரின் அன்பளிப்பு. அதற்குப் பதிலாக அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். திருவிழாவோடு நடக்கப்போகிற முதலாவது சுற்றுப்போட்டியின் கிண்ணத்துக்கு, கழகத்தில் இதுவரை விளையாடியவர்களில் ஆகச் சிறந்தவரின் பெயரை வைக்கவேண்டும். அந்த ஆள் யாரென்று நீங்களே தீர்மானியுங்கள் என்று தொலைபேசியில் லேசாகச் சொல்லி வைத்துவிட்டார். லண்டனிலிருந்து சொல்வதற்கு அது லேசான வேலைதான்.

வன்னியில் ஒரு கிண்ணத்துக்கு ஆளின் பெயர் வைத்தால் அது ஞாபகார்த்தக் கிண்ணம். உதைபந்தோ, கரப்பந்தோ, கிரிக்கெட்டோ, எந்த ஊர் மைதானத்தில் எந்தப் போட்டி நடந்தாலும் அறிவித்தலின் மேல்வரியில் 'அமரர்' என்று தொடங்கி ஒரு பெயர் இருக்கும். பெயருக்குரியவரின் குடும்பத்தை முன்வரிசையில் இருத்துவார்கள். ஆட்டம் தொடங்க முன்னர் எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காப்பார்கள். முடிந்ததும் தாயோ மனைவியோ மேடையேறிக் கிண்ணத்தைக் கொடுப்பார். உயிரோடு இருக்கிற ஒருவரின் பெயரில் கிண்ணம் வைத்ததை இந்தப் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. வைத்தால் அந்த ஆளுக்கு ஆகாது என்று சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள்.

வின்சனின் அண்ணன் மரியரூபன் செத்துப்போனான் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதத்தில், போர் முடிகிற நாட்களில், வட்டுவாகல் பாலத்தடியில், சனத்தோடு சனமாக வெளியேறி வந்துகொண்டிருந்தவன் அவன். அப்போது இருபத்தொரு வயது. நடக்க ஏலாத ஒரு பெரியவரைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தான். தாய் புனிதம் ஒரு கையில் சின்னவன் வின்சனையும் மறுகையில் துணி மூட்டையையும் பிடித்திருந்தாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது அவன் வந்துகொண்டிருந்தான். அடுத்தமுறை பார்த்தபோது வேறு முகங்கள் வந்துகொண்டிருந்தன. அவ்வளவுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இறப்புச் சான்றிதழ் எடுத்துத் தருகிறோம் என்று வந்தவர்களைப் புனிதம் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். நவம்பர் மாதத்து ஆன்மாக்கள் தினத்தில் சேமக்காலைக்குப் போய்ப் புருசனின் கல்லறையில் மட்டும் மெழுகுதிரி கொளுத்துவாள். ரூபனின் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருசமும் நன்றித் திருப்பலி கொடுப்பாள். இறந்தவர்களுக்கான பூசை அல்ல, உயிரோடிருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற நன்றிப் பூசை. புதிதாக வருகிற பாதர்மார் முதல் வருசம் ஒருமுறை கேட்பார்கள். பிறகு கேட்கமாட்டார்கள்.

இப்போது அந்த அம்மாவின் மகன்தான் முதலாவது ஆள் என்று கழகம் தீர்மானித்தால், அவன் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று அச்சடிப்பார்கள். ஊர் முழுக்க ஒட்டுவார்கள். அதை எப்படியாவது தடுக்கவேண்டும். வின்சனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. அண்ணனை ஒரு இடம் கீழே இறக்குவது.

நேரடியாக, "வேண்டாம் மாஸ்டர், அம்மா தாங்கமாட்டா" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். "நீர் என்ன நினைக்கிறீர்?" என்று யாராவது கேட்பார்கள். வாயால் கேட்காவிட்டாலும் கண்ணால் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு வின்சன் பதினாறு வருசமாகத் தனக்குள்கூடப் பதில் சொன்னதில்லை. கூடைப்பந்தைப் பற்றிச் சண்டை பிடிப்பது அதைவிடச் சுகம். அதில் அவனுக்குப் பழக்கமும் இருந்தது.

அந்தச் சண்டை மூன்று வருசச் சண்டை. அனோஜன் மாஸ்டர் தர்மபுரத்துக்காரர், வயல்காரக் குடும்பம். இங்கே விளையாட்டு ஆசிரியராக வந்தவர், பின்னேரங்களில் பிள்ளைகளைப் பழக்கக் கழகத்துக்கு வந்து, அப்படியே செயலாளராகிவிட்டார். அமெரிக்காவில் இரவு நடக்கிற கூடைப்பந்து இறுதியாட்டங்கள் இங்கே விடியப்புறமாக வரும். கடலால் வந்த வின்சன் வலையில் மீன் தட்டித் தட்டியே கரையோரத்து மீன் வாடியில் இருந்து கைத்தொலைபேசியில் பார்ப்பான். மாஸ்டர் பள்ளிக்கூடம் போகிற வழியில் மோட்டார்சைக்கிளை நிறுத்தி அவனோடு சேர்ந்து பார்ப்பார். ஆட்டம் முடிந்தாலும் கதை முடியாது. உலகத்தில் இதுவரை விளையாடினவர்களில் ஆர் பெரிய ஆள்?

மாஸ்டர் ஜோர்டன் கட்சி. "ஆறு தரம் இறுதிக்குப் போனார், ஆறு தரமும் வெண்டார். கிண்ணம்தான் கணக்கு. மிச்சமெல்லாம் கதை" என்பார்.

வின்சன் லெப்ரோன் கட்சி. "கிண்ணம் ஒரு ஆள் வெல்லுறதில்லை மாஸ்டர், ரீம் வெல்லுறது. ஆளைப் பாருங்கோ. அவரை விடக் கூடப் புள்ளி எடுத்தவன் உலகத்தில இருக்கிறானோ? குடுக்கிறதென்ன, தடுக்கிறதென்ன!"

"பத்துத் தரம் இறுதிக்குப் போய் ஆறு தரம் தோத்த ஆளையோ சொல்லுறியள்?" என்று கம்சா இடையில் பாய்வாள். பெண்கள் அணியின் தலைவி அவள். இரண்டு பேரையும் ஏத்திவிடுவதற்காகவே பில் ரசல் கட்சியில் இருந்தாள். "கிண்ணம்தான் கணக்கெண்டா பதினொண்டு எடுத்த ரசல்தானே முதலாவது? ஆறு பெரிசோ, பதினொண்டு பெரிசோ? மாஸ்டர், கணக்குப் பாடத்தில நீங்கள் எத்தினை?"

"அந்தக் காலத்தில இருந்ததே விரல்விட்டு எண்ணுற அளவு ரீம்தான்" என்று அப்போது மட்டும் மாஸ்டரும் வின்சனும் ஒன்றாகச் சேர்ந்துகொள்வார்கள்.

இன்றைக்கு மாஸ்டர் அந்தச் சண்டையை முடித்து வைக்க வந்திருந்தார். கழகத்தின் சிறந்த வீரரைக் கண்டுபிடிக்கவேண்டும் என்று முடிவானதும், வேறு யாராவது என்றால் நான்கு பேரைக் கேட்டுவிட்டு விட்டிருப்பார்கள். அவர் வாடி வாடியாகப் போயிருந்தார். பழைய ஆட்டக்காரர்களை, எதிரணியில் விளையாடினவர்களை, மத்தியஸ்தம் பார்த்தவர்களை, திடலோரத்தில் கடலை விற்ற ஆச்சியைக்கூட விடவில்லை. எல்லாரும் இரண்டு பெயர்களில் வந்து நின்றார்கள். ஒன்று யேசுராசா. நெடுவல் ஆள். கழகத்துக்கு அடுத்தடுத்து மூன்று கிண்ணம் எடுத்துக் கொடுத்த தலைவர். சுனாமி அன்று காலையில் போய்விட்டவர். மற்றது, சுனாமிக்குப் பிறகு இதே வளவில் திரும்ப நட்ட கம்பத்தடியில் விளையாடத் தொடங்கிய மரியரூபன். ஒரேயொரு கிண்ணம். பிறகு திரும்பவும் யுத்தம் தொடங்கி, போட்டிகளே இல்லாமல் போய்விட்டன.

"கிண்ணத்தைப் பாத்தா யேசுராசாதான்" என்று மாஸ்டர் கூட்டத்தைத் தொடக்கியிருந்தார். "ஆனா நான் கேட்ட ஆக்கள் எல்லாரும் ஆட்டம் எண்டு வந்தா ரூபனைத்தான் சொல்லுகினம். எதிரணிக்காரரும் அதைத்தான் சொல்லுகினம். வின்சன், மூண்டு வருசமா உம்மோட சண்டை பிடிச்சு இண்டைக்கு நான் தோத்துப்போனன். நீர் சொன்னதுதான் சரி. கிண்ணம் கணக்கில்லை. உம்மட அண்ணர்தான் முதலாவது."

தோல்வியை ஒரு பரிசுப் பொதி மாதிரிச் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார் மனிதர். அதற்குத்தான் வின்சன் 'ரெண்டாவதுதான்' என்று பதில் சொன்னான்.

"பகிடியை விடும்" என்றார் மாஸ்டர்.

"பகிடி இல்லை. மூண்டு கிண்ணம் எங்க, ஒரு கிண்ணம் எங்க? கிண்ணம்தான் கணக்கு."

கம்சா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டாள். "பொறுங்கோ பொறுங்கோ. வின்சன் அண்ணா, நேற்றுக் காலமைவரைக்கும் லெப்ரோன். இண்டைக்கு என்ர கட்சிக்கு வந்திட்டியளோ? வாங்கோ, சந்தாக் கட்டுங்கோ."

"நீ சும்மா இரு."

"யேசுராசான்ர காலத்தில விளையாடினதே அஞ்சாறு ரீம்தான் வின்சன்" என்றார் மாஸ்டர் பொறுமையாக. "ரசலுக்கு நீர் சொல்லுற அதே நியாயம். ரூபன் வெண்ட வருசம் மன்னாரில இருந்து, யாழ்ப்பாணத்தில இருந்தெல்லாம் ரீம் வந்தது. அந்த ஒரு கிண்ணம் மூண்டுக்குச் சமன்."

வின்சன் வளைந்தோடப் பார்த்தான். தான் மூன்று வருசமாகக் கட்டியெழுப்பின நியாயங்கள் எல்லாம் இப்போது எதிர்ப்பக்கத்தில் நின்று அவனையே மறித்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் அண்ணன் முதலாவதாக வந்து நின்றான். கடைசியில் அவன், செய்யக்கூடாது என்று நினைத்திருந்ததைச் செய்தான்.

"அவன் போலைக் குடுக்கமாட்டான், மாஸ்டர். எல்லாத்தையும் தானே எறியோணும் எண்டு நிப்பான். தடுக்கவும் வரமாட்டான். ஆக்கள் இப்ப கூட்டிச் சொல்லுகினம்."

சொல்லும்போதே காதுக்குள் சுட்டது. பந்தைத் தன்னிடம் வைத்திருக்காத மனிதன் ரூபன். கம்பத்தடிக்குப் போய், எறியலாம் என்ற இடத்தில் வைத்தே, பார்க்காமல் பின்னால் நிற்கிறவனுக்குக் கொடுத்துவிட்டுச் சிரிப்பான். ஏழெட்டு வயதுப் பிள்ளையாக மண்ணில் குந்தியிருந்து வின்சன் பார்த்த அந்தச் சிரிப்பைத்தான் அவன் இப்போது பொய்யாக்கிக்கொண்டிருந்தான்.

யாகப்பு கோப்பையைக் கீழே வைத்தார். கழகத்தின் தலைவர், அறுபது தாண்டிய கடல்காரர். அவருக்கு விளங்கிவிட்டது. "ஓம் மாஸ்டர்" என்று இழுத்தார். "யோசிச்சுப் பாத்தா யேசுராசாதான் போல கிடக்கு."

"நீங்களோ அண்ணை?" மாஸ்டர் திகைத்துப் போனார். "போன ஞாயிறு நீங்கள்தானே சொன்னனீங்கள், ரூபனைப் போல ஒருத்தன் இனிப் பிறந்துதான் வரோணும் எண்டு?"

"அது... ஞாயிற்றுக்கிழமை."

"அப்பாக்கு ஞாயிறு பின்னேரத்தில எல்லாரும் நல்ல ஆட்டக்காரர்தான்" என்றாள் கம்சா. சொல்லிவிட்டுத் தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வின்சனின் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு மெல்ல அடங்கியது. மாஸ்டருக்கு மட்டும்தான் இன்னும் விளங்கவில்லை. அவர் வெளியூர்க்காரர். ரூபன் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த 'இல்லை' இந்த ஊரில் என்ன பாரத்தோடு கிடக்கிறது என்பது தெரியாது. அவர் கைத்தொலைபேசியைத் திருப்பி வின்சனுக்குக் காட்டினார். அறிவித்தலை அச்சகத்தில் கொடுத்து மாதிரி எடுத்தே வைத்திருந்தார். நீல நிறப் பின்னணி. பெரிய எழுத்து. அமரர் மரியரூபன் ஞாபகார்த்தக் கிண்ணம்.

வின்சன் எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ரூபன் ரெண்டாவது! ரெண்டாவதெண்டு எழுதுங்கோ மாஸ்டர்! அழியுங்கோ அதை!"

தேவாலயத்துக்குள் செபமாலை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம் அது. அவன் சத்தம் வளவைத் தாண்டிப் போயிற்று. முக்காட்டை எடுத்து மடித்துக்கொண்டு படிகளில் இறங்கிய பெண்களில் ஒருத்தி நின்றாள். செருப்பைத் தேடிப் போடாமலே வளவுக்குள் வந்தாள்.

"ஆர் ரெண்டாவது?" என்றாள் புனிதம்.

மாஸ்டர் யாகப்புவைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன். ஆர் சொன்னது என்ர பிள்ளை ரெண்டாவதெண்டு?"

"நான்தான் அம்மா" என்றான் வின்சன்.

"நீயோ?" அவள் கையை ஓங்கவில்லை, ஆனால் வின்சன் ஒரு அடி பின்னுக்குப் போனான். "உனக்கென்ன தெரியும்? மூக்குச் சளியைத் துடைக்கத் தெரியாம அவன்ர காலுக்க திரிஞ்சனி. ஊரே கைதட்டினது எனக்கு வாடிக்குக் கேட்டது. ஏன் யாகப்பு அண்ணை, நீங்கள் இருக்கேக்கயோ இவன் இப்பிடிக் கதைக்கிறான்?"

"கிண்ணத்துக்குப் பேர் வைக்கக் கதைச்சனாங்கள், புனிதம்" என்றார் யாகப்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"என்ன கிண்ணம்?"

மாஸ்டரின் கையில் அந்த நீல வெளிச்சம் இன்னும் அணையாமல் இருந்தது. அவர் அதை அவசரமாக மடியில் கவிழ்த்தார். அவள் பார்த்தாளோ தெரியாது. பார்க்காவிட்டாலும் ஒன்றுதான். இந்த மண்ணில் எத்தனை கிண்ணங்களுக்கு எழுந்து நின்றிருப்பாள்! விழுந்துகிடந்த கதிரையைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள்.

"அதுக்காகவோடா நீ அவனை ரெண்டாவது ஆக்கினனி?"

வின்சன் தலையாட்டினான். அழுதுவிடக்கூடாது என்று கடலைப் பார்த்தான்.

புனிதம் கதிரையை நிமிர்த்தி வைத்து அதில் இருந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மாஸ்டர் எழுந்து நின்றார். "அம்மா, பிழை என்னுடையது. எனக்குச் சொல்லத் தெரியேல்ல... நான் வடிவா விசாரிக்காம—"

"விசாரிக்காமலோ? ஊரெல்லாம் விசாரிச்சுத் திரிஞ்சனீங்களாம். கடலை வித்த அன்னம்மா செபமாலைக்கு வரேக்க எனக்குச் சொன்னவா. இருங்கோ தம்பி." அவர் இருக்கவில்லை. அவள் தொடர்ந்தாள். "பதினாறு வருசமா என்னட்டக் கனபேர் வந்தவை. எழுத வந்தவை, படம் பிடிக்க வந்தவை, கந்தோர்க்காரர். எல்லாரும் கேக்கிறது ஒண்டைத்தான். கடைசியா எங்க கண்டனீங்கள், என்ன உடுப்புப் போட்டிருந்தவன், உடம்பில என்ன அடையாளம். சொல்லிச் சொல்லி எனக்கு அந்த ஒரு நாளைத் தவிர வேறொண்டும் ஞாபகத்துக்கு வராம வந்திட்டுது. என்ர பிள்ளை எப்பிடி விளையாடுறவன் எண்டு கேட்டு வெயிலுக்க அலைஞ்ச ஆள் நீங்கள் ஒராள்தான். ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பார். வேற என்னத்தை நான் சொல்ல?"

மாஸ்டருக்குக் கண்ணாடியைக் கழற்றவேண்டியிருந்தது. கழற்றிய பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொன்னவை? சொல்லுங்கோ" என்றாள் புனிதம்.

அவர் சொன்னார். முதலில் தடுமாறித் தடுமாறி, பிறகு வகுப்பெடுக்கிற குரலில். இரண்டு கையாலும் ஒரே மாதிரி எறிகிறவன் என்று மன்னார் அணிக்காரர் சொன்னதை. விழுந்த எதிரணிக்காரனைத் தூக்கிவிட்டு, பிறகுதான் பந்துக்கு ஓடுவான் என்று மத்தியஸ்தர் சொன்னதை. தோற்ற நாளில் கடலைக்காரியின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அவள் வீடுவரைக்கும் போனதை. பந்தைக் கொடுக்கமாட்டான் என்று யாரும் சொல்லவில்லை என்பதை அவர் சொல்லாமல் விட்டார். வின்சன் அதை மனதுக்குள் குறித்துக்கொண்டான். இந்த மனிதரோடு இன்னும் முப்பது வருசம் சண்டை பிடிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

புனிதம் எல்லாவற்றையும் குனிந்து கேட்டாள், காது மந்தமானவள் மாதிரி. முடிந்ததும் நிமிர்ந்தாள்.

"சரி. எழுதுங்கோ. முதலாவது என்ர பிள்ளை. அதில கதை இல்லை. கிண்ணத்தை யேசுராசான்ர பேரில வையுங்கோ. அவற்ர மனுசி தயாளினி சுனாமிக்குப் பிறகு அந்த மனுசன்ர பேரை ஒரு இடத்திலயும் கேக்காம மூண்டு பிள்ளையளை வளத்து ஆளாக்கினவள். அவள் மேடையில ஏறி அந்தக் கிண்ணத்தைக் குடுக்கட்டும். அது அவளுக்கு வேணும்."

"அப்ப ரூபன் அண்ணாக்கு?" என்றாள் கம்சா மெல்ல.

"அவனுக்கேன் கிண்ணம் குடுக்கிறியள்? வந்து விளையாடி வெண்டு எடுக்கட்டும்."

கம்சாவுக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. இப்படியான நேரத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னாள். "அண்ணாக்கு இப்ப முப்பத்தேழு வயசெல்லோ, மாமி."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் மாஸ்டர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"அதுக்கென்ன?" என்றார் அந்த ஜோர்டன் கட்சிக்காரர். "லெப்ரோனுக்கு நாப்பது. இப்பவும் விளையாடுறார்."

வின்சன் அவரைப் பார்த்தான். மூன்று வருசத்தில் ஒருநாள்கூட அந்தப் பெயரை மரியாதையாகச் சொல்லாத வாய். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் மறைக்கப் போய் இருமினான். யாகப்பு முதலில் சிரித்தார். பிறகு கம்சா. புனிதத்துக்கு லெப்ரோன் யாரென்று தெரியாது, ஆனாலும் அவளும் சிரித்தாள். "ஆரப்பா அது? கலியாணம் கட்டின ஆளோ?" என்று கேட்டாள்.

"பிள்ளையும் வளந்து அதே ரீமில விளையாடுது மாமி."

"பாத்தியளே!" என்றாள் புனிதம், தன் நியாயத்துக்கு இன்னொரு சாட்சி கிடைத்தவள் மாதிரி.

மாஸ்டர் கைத்தொலைபேசியில் அந்த வரியை அழிக்கத் தொடங்கினார். யாகப்பு தயாளினி வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும் என்று எழுந்து சாரத்தை இறுக்கிக் கட்டினார். புனிதமும் எழுந்தாள். எழுந்தவள் வீட்டுப்பக்கம் போகாமல் திடலுக்குள் இறங்கினாள். விளக்கு வெளிச்சத்தில் புதுக் கொன்கிறீற் வெள்ளையாகக் கிடந்தது. பகல் குடித்த சூட்டை இன்னும் விடவில்லைப் போல, வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்து நடுவரைக்கும் நடந்தாள். கூடையை அண்ணாந்து பார்த்தாள்.

"நான் ஒருநாளும் பாக்கேல்ல" என்றாள் யாருக்கும் சொல்லாதவள் போல. "ஆட்டம் நடக்கிற நேரம்தானே கடலாலயும் வருவினம். மீனை விட்டிட்டு வரேலாது. கைதட்டுறது மட்டும் கேக்கும். அடுத்தமுறை பாப்பம், அடுத்தமுறை பாப்பம் எண்டு..." திரும்பினாள். "எந்த இடத்தில நிண்டு எறிவான்?"

"அதில மாமி, கோட்டடியில" என்று கம்சா கையைக் காட்டினாள். அவள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அப்போது அவள் கைக்குழந்தை. கேட்டதை வைத்துச் சொன்னாள்.

"கோட்டடியோ!" யாகப்பு போகிற வழியில் நின்று திரும்பிவந்தார். "பேய்க்கதை கதைக்காத. அங்க நிண்டு நான் எறிவன். ரூபன் அந்தா, அந்த வளைஞ்ச கீறுக்கும் வெளியில. புனிதம், பின்னுக்குப் போ."

புனிதம் பின்னால் போனாள்.

"பழைய கம்பம் இந்த இடத்தில இல்லையாம் அண்ணை" என்றார் மாஸ்டர். "நாலைஞ்சடி கோயில் பக்கமா நிண்டதாம். அப்ப ரூபன் நிண்டது இன்னும் இடப்பக்கம். அம்மா, கொஞ்சம் இங்கால வாங்கோ."

"இடப்பக்கமோ? ஆர் உங்களுக்குச் சொன்னது? நான் நேர நிண்டு பாத்தனான்!"

"எதிரணிக்காரர் சொன்னவை அண்ணை. வாங்கினவைக்குத்தானே தெரியும்."

"அவங்கள் என்னத்தைக் கண்டவங்கள், போலையும் காணேல்ல, ஆளையும் காணேல்ல."

புனிதம் ஒருத்தர் சொல்ல இடப்பக்கம் வந்தாள். மற்றவர் சொல்லத் திரும்ப நடுவுக்குப் போனாள். கம்சா ஓடிப்போய்ப் பந்தொன்றை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தாள். அவளுக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. இடுப்பில் குடத்தை வைத்திருக்கிற மாதிரி ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். தேவாலயப் படியில் நின்ற பெண்கள் இரண்டுபேர் என்ன நடக்கிறதென்று பார்க்க வளவுக்குள் வந்து, அவர்களில் ஒருத்தி, "உங்க இல்லையடி, அந்தத் தென்னைக்கு நேர நிண்டெல்லோ எறிவான்" என்று தானும் ஒரு இடத்தைக் காட்டினாள்.

எல்லாருமாக ஒரே நேரத்தில் கதைத்தார்கள். வின்சனுக்கு அந்த இடம் தெரியும். மண்ணில் குந்தியிருந்த பிள்ளைக்கு முன்னால், மிகக் கிட்ட, அண்ணனின் வெறுங்கால் இரண்டும் நிலத்தை விட்டுக் கிளம்பிய இடம். ஆனால் அந்தப் பிள்ளை எங்கே குந்தியிருந்தது? இந்தக் கொன்கிறீற்றுக்குக் கீழே எங்கே கிடக்கிறது அந்த மண்?

"இன்னும் பின்னுக்கு, அம்மா" என்றான்.

புனிதம் சேலைக்கரையைக் கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். நடுக்கோட்டைத் தாண்டினாள்.

"டேய், அவ்வளவு தூரமோ? விசர்க்கதை!" என்றார் யாகப்பு.

"இன்னும், அம்மா. இன்னும் கொஞ்சம்."

கொன்கிறீற் முடிந்தது. அவளுடைய குதிக்கால் மணலில் இறங்கியது. அவள் நிற்கவில்லை. கூடையிலிருந்து கண்ணை எடுக்காமல், பந்தை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு உயர்த்திக்கொண்டு, பின்பக்கமாகவே, இருட்டில் கடல் இரைகிற பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். "காணுமோ? இவ்வளவு தூரம் காணுமோ?" என்று சிரித்துச் சிரித்துக் கேட்டுக்கொண்டு.